22,000 ரூபாய் ஒயரும் நான்கு அங்குலக் களிம்பும்

கடந்த மார்கழியில் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து, பொருள்களையெல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தபோது, பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்த ஆசை ஒன்றையும் அந்தச் சாக்கில் நிறைவேற்றிக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் செல்லும் ஒயரை மாற்றினேன். பழையது, பெட்டிகளை வாங்கிய நாளில் கடைக்காரர் உருளையிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தது. புதியது, பாம்புத்தோல் போன்ற நெசவு உறையும் இரு முனைகளிலும் தங்கமுலாம் பூசிய பனானா பின்களுமாக, வெல்வெட் விரித்த பெட்டிக்குள் படுத்திருந்தது. மூன்று மீட்டர் ஜோடி 22,000 ரூபாய். வீட்டில் விலையைச் சொன்னபோது ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டுச் சொன்னேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் பாட்டிலேயே வித்தியாசம் கேட்டது. கேட்டதாக நினைத்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய்யாகிவிடும், உண்மையாகவே கேட்டது. அதுவரை நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் ஒதுங்கி நின்று பாடிக்கொண்டிருந்த குரல், இரண்டு பெட்டிகளுக்கும் சரிநடுவே வந்து நின்றது. மிருதங்கத்தில் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் கனம் கூடியது. இடப்பக்கப் பெட்டியில் எப்போதாவது தலைகாட்டும் ஒரு கரகரப்பும் போன இடம் தெரியவில்லை. ஆறு வாரங்களுக்கு நண்பர்களிடம் இதையே பேசிக்கொண்டிருந்தேன்; சாதாரண ஒயரில் பாட்டுக் கேட்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் நிலைக்குக்கூட வந்துவிட்டேன். விலையுயர்ந்த ஒயரால் வீட்டு ஸ்டீரியோவின் ஒலி மேம்படுமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், தயங்காமல் ஆம் என்றிருப்பேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அவர் காசிமேட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர். ஆடி மாதம் பிறந்துவிட்டால் ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை எந்த அம்மன் கோயிலில் கூழ் வார்த்தாலும், விளக்குக் கம்பங்களில் கோன் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு ஏணியோடு அலைந்துகொண்டிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணில் முதலில் பட்டதே அந்த நெசவு உறைதான். "இன்னா கண்ணு, மலைப்பாம்பு வளக்குறியா?" என்றார். உண்மையான விலையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டார். மூன்று என்றதும், "மூணு மீட்டருக்கா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கேள்வியில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருடைய தொழிலில் ஒயர் என்பது உண்மையிலேயே ஒரு பிரச்சினை. கோயில் வாசலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் கோன் வரை முந்நூறு மீட்டர், நானூறு மீட்டர் என்று மெல்லிய முறுக்கு ஒயரை இழுக்க வேண்டியிருக்கும். 100 வாட் ஒலியை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் ஏறத்தாழ 28 வோல்ட் அழுத்தத்தில் மூன்றரை ஆம்பியர் மின்னோட்டம் ஒயருக்குள் ஓட வேண்டும். அவ்வளவு தூரத்தில் பெரும்பகுதி ஒயரைச் சூடாக்குவதிலேயே கரைந்துவிடும். அதனால்தான் பொது ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயர்களில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை வைத்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மூலம் அழுத்தத்தை 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் அதே 100 வாட்டுக்கு ஒரு ஆம்பியர் போதும். ஒயரில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு கோனிலும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்தக் கம்பிகளில் இருக்கும் அதே தந்திரம்தான் இது. நானூறு மீட்டரை இப்படிச் சமாளித்த மனிதரிடம் போய் நான் மூன்று மீட்டரைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று மீட்டரின் கணக்கு மிக எளியது. ஓம் விதி தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர் போட்டுவிடுவார். என் பழைய ஒயர் ஒன்றரை ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டில் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு. அந்தத் தடிமனில் செம்புக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம் தடை இருக்கும். போக மூன்று, வர மூன்று என்று ஆறு மீட்டருக்கு 0.08 ஓம். புதிய ஒயர் நான்கு ஸ்கொயர், அதற்கு 0.03 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே ஒலியளவில் வரும் வேறுபாடு ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்கு. பயிற்சி பெற்ற காதுக்கே, நல்ல சூழ்நிலையில், இதைப்போலச் சில மடங்கு பெரிய மாற்றம்தான் பிடிபடத் தொடங்கும். இன்னொன்றையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயிலே பல மீட்டர் நீளமுள்ள மயிரிழை போன்ற கம்பியின் சுருள்தான். அதன் தடை மட்டும் சுமார் 6 ஓம். அதற்கு முன்னால், மேல் சுருதிகளையும் கீழ்ச் சுருதிகளையும் பிரித்து அனுப்பும் கிராஸோவரில் இன்னொரு சுருள். அவ்வளவு மெல்லிய கம்பிக்குள் நுழைந்து வெளிவரவிருக்கும் சைகை (சிக்னல்), அதற்கு முந்தைய மூன்று மீட்டரில் மட்டும் ராஜபாட்டையில் வர வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம்.

கணக்கு இப்படி இருக்க, என் காதில் விழுந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதற்கும் பெரியப்பாதான் வழிகாட்டினார். பழைய ஒயரைத் தூக்கி எறிய மனமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒயருக்கு இன்னா கொற? முனையத்தான் களிம்பு துன்னுட்டுகீது," என்றார்.

பார்த்தேன். இடப்பெட்டிக்குப் போன ஒயரின் கடைசி நான்கு அங்குலம், கண்ணாடி போன்ற உறைக்குள்ளேயே, கோயில் குத்துவிளக்கின் அடிப்பகுதியைப் போலப் பச்சையாகியிருந்தது. திருகுக்குள் இருந்த இழைகள் கறுத்து, தொட்டால் ஒடிந்தன.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது வடசென்னையில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும். எங்கள் தெருவிலிருந்து மீன்பிடித் துறைமுகம் நடந்துபோகும் தூரம். கடல்காற்றில் வரும் உப்புத் துகள் எதன்மேல் படிந்தாலும் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும்; அந்த ஈரத்தில் செம்பு மெல்ல மெல்லப் பச்சை உப்பாக மாறும். ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்கிறோம். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். மிக்ஸி பிளக்கின் பின்னைத் துடைக்கிறோம். ஸ்பீக்கருக்குப் பின்னால், சுவரோரத்தில், தூசியும் ஈரமும் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு திருகை மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு பெரியப்பா தன் பழைய மல்டிமீட்டரோடு வந்தார். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பக்கம் வைத்து இவ்வளவு சிறிய தடையை அளக்க முடியாது; அதன் முனைக்கம்பிகளின் தடையே அதைவிட அதிகமாக இருக்கலாம். அதனால் அவர் வேறு வழியில் போனார். 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும் வண்டியின் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, பழைய ஒயரைச் சுரண்டாமல் அப்படியே திருகில் மாட்டி, காயிலுக்குள் மின்சாரம் போகாதபடி திருகுக்கும் ஒயருக்கும் நடுவில் மட்டும் அதை ஓட விட்டார். பல்பு எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த நிலையில் இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்தால், எவ்வளவு வோல்ட் அங்கே தொலைகிறது என்று தெரிந்துவிடும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்ட வேண்டும். எங்களுடையது 1.2 வோல்ட் காட்டியது. ஒயரை விரலால் சற்று அசைத்தால் எண் துள்ளியது. கணக்குப் போட்டால் அந்த ஒரு திருகில் மட்டும் முக்கால் ஓம் தடை.

முழு ஒயரின் தடை 0.08 ஓம், அதைப் பெட்டியோடு சேர்க்கும் கால் அங்குலத்தின் தடை அதைப்போல ஒன்பது மடங்கு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது நான் கேட்ட ஒவ்வொன்றும் விளங்கியது. இடப்பெட்டி மட்டும் ஏறத்தாழ ஒரு டெசிபல் தணிந்து ஒலித்திருக்கிறது. அதனால்தான் குரல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. 8 ஓம் ஸ்பீக்கர் என்று நாம் சொன்னாலும் அதன் தடை எல்லாச் சுருதிக்கும் 8 ஆக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4-க்கு இறங்கும், இன்னோரிடத்தில் 25-க்கு ஏறும். வரிசையில் முக்கால் ஓம் நுழைந்துவிட்டால், 4 ஓம் இருக்கும் சுருதியில் ஏறத்தாழ ஒன்றரை டெசிபல் குறையும், 25 ஓம் இருக்கும் இடத்தில் அதில் ஐந்திலொரு பங்குகூடக் குறையாது. ஒலியின் முகமே லேசாகக் கோணிப்போகும். கரகரப்புக்கும் காரணம் இதுதான். செம்பின் ஆக்ஸைடு வெறும் அழுக்கு அல்ல. ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் கடினமாகவும் மின்சாரத்தை விடும் குறைகடத்தி. சிலிக்கான் டயோடு வருவதற்கு முன்னால் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்க, செம்புத் தகட்டில் ஆக்ஸைடு படிய வைத்து ரெக்டிஃபயர் செய்து விற்றார்கள். அப்படியொரு பொருள் இணைப்புக்குள் தானாக முளைத்து உட்கார்ந்திருக்கும்போது பாட்டு சுத்தமாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆக, ஒயரை மாற்றியபோது எனக்குத் தெரியாமலேயே இணைப்பையும் மாற்றியிருக்கிறேன். வேலை செய்தது புது இணைப்பு. பெயர் வாங்கியது புது ஒயர். ஒயரை மாற்றியதும் ஒலி மாறியது என்று சத்தியம் செய்யும் பலரை இப்போது நான் பொய்யர் என்று நினைப்பதில்லை. என்னைப் போலவே அவர்களில் பலரும் பல ஆண்டுகளாகத் தொடாத பின்களைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். பொருள்காட்சியில் இருக்கும் புத்தம் புதிய இணைப்போடு தங்கள் வீட்டுப் பழைய இணைப்பை ஒப்பிட்டிருப்பார்கள்.

பழைய ஒயரில் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டினோம். பெட்டியின் திருகை உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, இழைகளை முறுக்கி இறுக்கினோம். பிறகு எது எது என்று தெரியாமல் கேட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் இதற்கு நடுவரானான். ஆம்ப்ளிஃபயரையும் பெட்டிகளின் பின்புறத்தையும் மறைத்து வேட்டி கட்டினோம். ஒவ்வொரு முறையும் அவன் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று என்று மாட்டுவான். அதே ஒயர் மறுபடி வந்தாலும் கழற்றி மாட்டும் சத்தமும் நேரமும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒலியளவுக் குமிழைப் பசை நாடா ஒட்டி அசையாமல் நிறுத்தினோம். இது மிக முக்கியம், ஏனென்றால் ஒன்று மற்றொன்றைவிட மிகச் சிறிதளவு கூடுதல் சத்தமாக இருந்தால், காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்றோ ஆழம் என்றோதான் சொல்லும்.

இருபது முறை கேட்டேன். பதினொன்று சரி, ஒன்பது தவறு. காதைப் பொத்திக்கொண்டு நானும் நாணயம் சுண்டியிருந்தால் இதே அளவுதான் கிடைத்திருக்கும். இருபதுக்குப் பதினைந்தாவது எடுத்திருந்தால்தான், வெறும் தற்செயலாக அது நடக்க நூற்றில் இரண்டு வாய்ப்பே உண்டு என்பதால், ஏதோ கேட்கிறது என்று வாதாடலாம். எட்டாவது முறை, "இது நிச்சயமாகப் புதியதுதான், குரலைச் சுற்றிக் காற்று இருக்கிறது" என்று நான் அடித்துச் சொன்னபோது மாட்டியிருந்தது, பெரியப்பா வெட்டிச் சீர்செய்த பழைய ஒயர். வேட்டிக்குப் பின்னால் இருந்து அவன் அப்போது எதுவும் சொல்லவில்லை. விடைத்தாளைக் காட்டும்போதுதான், "மாமா, அந்தக் காத்து ஃபேன் காத்து" என்றான்.

எங்கள் சோதனையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாட்டிக் கழற்ற ஒரு நிமிடம் ஆயிற்று. நுட்பமான ஒலி வேறுபாட்டைக் காது நினைவில் வைத்திருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. மாட்டியவனுக்கு விடை தெரியும் என்பதும் ஒரு குறை. ஆனால் விற்பவர்கள் சொல்வது நுட்பமான வேறுபாட்டை அல்லவே. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றுதான் சொல்கிறார்கள். மலையும் மடுவும் ஒரு நிமிட இடைவெளியில் ஒன்றாகிவிடுமா என்ன? இந்தக் குறைகளெல்லாம் களைந்து செய்யப்பட்ட சோதனைகளும் உண்டு. 1979-இல் நோயல் லீ என்பவர் தொடங்கிய மான்ஸ்டர் கேபிள் நிறுவனம் அமெரிக்காவில் தடித்த ஸ்பீக்கர் ஒயரைத் தனிப்பொருளாக விற்று வெற்றி கண்டிருந்த நேரத்தில், 1983-இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு ஒப்பீட்டை நடத்தினார். மிக மெல்லிய ஒயரைக் கேட்டவர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் போதிய தடிமனுள்ள சாதாரண விளக்கு ஒயருக்கும் விலை கூடிய ஒயருக்கும் இடையே, இசையை வைத்துக் கேட்டபோது, அவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007-இல் ஜேம்ஸ் ரான்டி என்ற மாயவித்தைக் கலைஞர், 7,000 டாலருக்கு மேல் விலையுள்ள ஸ்பீக்கர் ஒயர் ஒன்றைக் கண்ணால் பாராமல் பிரித்தறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவில்லை.

கண் காதை ஏமாற்றும் என்பது ஒயர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1976-இல் மெக்கர்க், மக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் எழுதியது இது: 'பா' என்ற ஒலியைப் போட்டு, 'கா' என்று அசையும் வாயைத் திரையில் காட்டினால், பார்ப்பவர்கள் பலருக்கு 'தா' என்று கேட்கும், கண்ணை மூடினால் மறுபடி 'பா'. வெல்வெட் பெட்டியும் நெசவு உறையும் 22,000 என்ற எண்ணும் என் கண் முன்னால் இருக்கும்போது, என் காது மட்டும் சுதந்திரமாகத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

கடையில் சொல்லப்பட்ட சிறப்புகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். என் ஒயர் ஆக்சிஜன் நீக்கிய செம்பு. இன்னும் விலை கூடினால் வெள்ளி. ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் வீட்டு ஒயரில் இருக்கும் சாதாரண மின்சாரச் செம்புக்கும் கடத்துதிறனில் ஒரு விழுக்காடு அளவுக்குத்தான் வேறுபாடு. வெள்ளி, செம்பைவிடச் சுமார் 6 விழுக்காடு மேல். செம்பின் தடையோ வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 0.39 விழுக்காடு ஏறும். அப்படியென்றால் மார்கழி அதிகாலையில் 22 டிகிரியில் இருக்கும் செம்பு ஒயர், கத்திரி வெயில் நண்பகலில் 38 டிகிரிக்கு வரும்போது, வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள அளவுக்கு மாறிவிடுகிறது. திருப்பாவை கேட்கும் நேரத்தில் வெள்ளியாக இருந்தது மே மாதத்தில் செம்பாகிவிட்டது என்று யாரும் இதுவரை குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துக் காற்றில் வெள்ளிக் கொலுசு எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்று பார்த்தவர்கள், அந்த உலோகத்தை ஒயர் முனையில் வைக்க இருமுறை யோசிப்பார்கள். தங்கமுலாமில் மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது. தங்கம் கறுப்பதில்லை, பச்சையாவதில்லை. ஆனால் அது வேண்டியது பின்னின் மேற்பரப்பில் சில மைக்ரான் கனத்துக்குத்தான். அதற்கு 22,000 ரூபாய் தேவைப்படாது.

உயர்ந்த சுருதிகளில் மின்சாரம் கம்பியின் தோலில் மட்டுமே ஓடும் என்பதும் கடையில் சொன்னதுதான். உண்மைதான், ஆனால் மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில்கூட அந்தத் தோலின் ஆழம் செம்பில் அரை மில்லிமீட்டரை நெருங்குகிறது, நம் ஒயரின் தடிமனில் அதனால் பெரிதாக எதுவும் குறையாது. உறையின்மேல் அச்சிட்ட அம்புக்குறி? ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் நொடிக்குப் பல நூறு முறை திசை மாறுவது. ஒருவழிப்பாதை அங்கே கிடையாது. இரைச்சல் புகாமல் தடுக்கச் சுற்றியிருக்கும் கேடயவலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்த சில சைகை ஒயர்களில் அந்த அம்புக்குப் பொருள் உண்டு, அவ்வளவே. எச்டிஎம்ஐ, ஆப்டிகல் ஒயர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். சைகை சரியாகப் போய்ச் சேர்ந்தால் சேர்ந்தது, இல்லாவிட்டால் ஒலி அறுந்து அறுந்து வரும் அல்லது வராது. குரல் கொஞ்சம் இனிமையாகும் என்ற இடைநிலை அங்கே இல்லை. 230 வோல்ட் சுவர் பிளக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் பவர் கார்டை 15,000 ரூபாய்க்கு விற்பதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. பல கிலோமீட்டர் அலுமினியக் கம்பியிலும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலும், சுவருக்குள் இருக்கும் சாதாரண இரண்டரை ஸ்கொயர் ஒயரிலும் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டரில் புனிதப்படுத்த முடியும் என்றால், அதை விற்பவர் மின்வாரியத்துக்கே ஆலோசகராகப் போகலாம்.

ஒயர் எதுவாக இருந்தாலும் ஒன்று என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியோடு இலவசமாக வரும் மயிரிழை ஒயரைப் பத்து மீட்டருக்கு இழுத்தால் வித்தியாசம் நிச்சயம் கேட்கும். இன்னும் பெரிய ஆபத்து, செம்பு நிறத்தில் வரும் அலுமினிய ஒயர். மேலே மட்டும் மெல்லிய செம்புத்தோல் போர்த்த அந்த ஒயரின் கடத்துதிறன் முழுச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் இருக்கும். திருகுக்குள் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். தோல் உரிந்த இடத்தில் எங்கள் ஊர் உப்புக்காற்று பட்டால் அதன் கதை சீக்கிரம் முடிந்துவிடும். கையில் எடுத்தாலே கனமில்லாமல் இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பாரிமுனைப் பக்கத்தில் ஒயர் வாங்கும்போது முகம் சுளிக்கும் கடைக்காரரைப் பொருட்படுத்தாமல் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் இப்போது பணம் கொடுக்கிறேன்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கும் உண்டு. மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிச் சேர்த்தவன் என்ற முறையில் இதை நான் அனுபவித்திருக்கிறேன். மூவிங் மேக்னட் வகை ஊசித்தலைக்கு எதிரே 47 கிலோ ஓம் தடையும், பெரும்பாலும் 100 முதல் 300 பிக்கோஃபேரட் வரையிலான மின்தேக்கமும் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரின் மின்தேக்கமும் அந்தக் கணக்கில் சேரும். நீளமான ஒயரைப் போட்டுவிட்டால் மேல் சுருதிகளில் ஒரு மேடு எழும்பி, பிறகு சரிந்துவிடும், வயலின் கூசும். இது காதுக்குக் கேட்கும்; மீட்டருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மருந்து குட்டையான ஒயர், விலையுயர்ந்த ஒயர் அல்ல. கேபிள் டிவி இணைப்பை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்ததும் எழும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அப்படித்தான். இரண்டு வழியில் எர்த் ஆவதால் உண்டாகும் வளையத்தை அறுக்காமல் எத்தனை ஆயிரத்துக்கு ஒயர் வாங்கினாலும் அது உறுமிக்கொண்டேதான் இருக்கும்.

பணம் செலவழித்தே தீர வேண்டும் என்று கை அரித்தால், எங்களைப் போன்ற வீடுகளில் அதற்குத் தகுந்த இடம் அறைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மொசைக் தரை, சிமெண்ட் சுவர், மூலையில் பெட்டி. பன்னிரண்டு அடி நீளத்துக்குள் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே நின்று அலைந்து பெருகும். உட்காரும் இடத்தைப் பொறுத்து அங்கே பத்து டெசிபல்கூட ஏறி இறங்கலாம். ஒயரில் நான் வாங்கியது இருபதில் ஒரு டெசிபல். பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரியை வைத்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்ட அன்று என் மனைவி சமையலறையிலிருந்தே, பாட்டில் சொற்கள் இப்போது புரிகின்றன என்றாள். ஒயர் மாற்றியதால் வந்ததாக நான் சொன்ன வித்தியாசம் அவள் காதில் விழுந்ததே இல்லை. விலையின் விடுபட்ட பூஜ்யம்கூட இந்தப் பதிவின் மூலம்தான் தெரியப்போகிறது.

மலைப்பாம்பை விற்றுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வாங்கிய கடையில் நான்காயிரத்துக்கு மேல் தர மறுத்துவிட்டார்கள். அதனால் அது பெட்டிகளோடேயே இருக்கிறது, கெடுதல் ஒன்றும் செய்யாமல். பெரியப்பாவின் யோசனைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பின்களையும் கழற்றி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, இறுக்கி மாட்டுகிறேன். அவருடைய கோன்களுக்கு அவர் செய்துகொண்டிருந்ததைப் போல, அதற்கு ஆடி முதல் வாரத்தையும் தை முதல் வாரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். சீர்செய்த பழைய ஒயர் இப்போது அக்கா மகனின் அறையில், மூர் மார்க்கெட்டில் எழுநூறு ரூபாய்க்கு அவன் வாங்கி வந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது.